டோனாவூர் அம்மா

விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் போதும். சொல்லி அனுப்பிய இடம், சொல்லாத இடம் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். பெற்றவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பதினாறாம் நாள் வரை அந்த வீட்டுக்கு யாராவது துட்டி கேட்க வந்துகொண்டே இருப்பார்கள். துக்கம் என்பது இங்கே ஒருவர் தனியாகச் சுமக்கும் சுமை அல்ல.

ஆனால் ஒரு விடுதியில் வளரும் குழந்தை இறந்துபோனால்? ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருஷம் படுத்திருந்த பாட்டி ஒரு நாள் விடியும்போது கண் திறக்கவில்லை என்றால்? அந்தக் குழந்தைக்குப் பால் புகட்டிய ஆயாவிடம் யார் துட்டி கேட்கிறார்கள்? அந்தப் பாட்டியைத் தினமும் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டிய பெண்ணை யார் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? அவள் பெற்றவளும் அல்ல, பிறந்தவளும் அல்ல. சம்பளத்துக்கு வேலை செய்பவள், அவ்வளவுதான் என்று உலகம் நினைக்கிறது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அவள் அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும்.

இந்தத் துக்கத்தை நன்றாக அறிந்த ஒரு பெண்மணி நம் தென்சீமையில் வாழ்ந்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, எத்தனையோ மரணங்களை அவர் தம் விடுதியில் பார்த்தார். தம்மோடு வேலை செய்த பெண்கள் அழுததையும் பார்த்தார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். மக்கள் அவரை அம்மா என்று அழைத்தார்கள்.

நீலக் கண் கேட்ட சிறுமி

ஏமி 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அயர்லாந்து நாட்டில் மில்லைல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் மூத்தவர். அவருக்குக் கண்கள் பழுப்பு நிறம். தாயாரைப் போல் நீலக் கண் வேண்டும் என்று ஒரு நாள் இரவு கடவுளிடம் கேட்டுவிட்டுப் படுத்தாராம். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் ஓடினார். கண் அதே பழுப்பாகத்தான் இருந்தது! பின்னாளில் தமிழ்நாட்டில் சேலை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, நீலக் கண் இல்லாததே நல்லதாகப் போயிற்று என்று அவர் சொல்லிச் சிரிப்பது உண்டாம்.

அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது தந்தை இறந்தார். அது 1885-ம் ஆண்டு. பிறகு குடும்பம் கஷ்டப்பட்டது. பெல்பாஸ்ட் நகரத்து மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக ஏமி பாடுபட்டார். 1893-ல் ஜப்பானுக்கு மதப் பணிக்காகப் போனார். உடல்நிலை கெட்டது. சிறிது காலம் இலங்கையில் தங்கினார். ஊருக்குத் திரும்பினார். 1895-ம் ஆண்டு கடைசியில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறி வந்தார். அதன் பிறகு 55 ஆண்டுகள்! ஒரு முறைகூட அவர் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அவர் மதத்தைப் பரப்ப வந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. அந்த வேலையைப் பற்றி அந்தக் காலத்திலேயே சண்டையும் வழக்கும் நடந்தது உண்டு. அந்தக் கதை பெரிய கதை. இங்கே நமக்கு வேண்டியது வேறு.

அவருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவர் தாமஸ் வாக்கர் என்ற பாதிரியார். வெள்ளைக்காரப் பாதிரியாரை ஐயர் என்று அழைப்பது அந்தக் காலத்து வழக்கம். வாக்கர் ஐயரும் அவர் மனைவியும் ஏமியும் பண்ணைவிளை என்ற ஊரில் தங்கி வேலை செய்தார்கள். ஏமியோடு சில தமிழ்ப் பெண்கள் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓடி வந்த பெண்

1901-ம் ஆண்டு மார்ச் மாதம். பக்கத்துப் பெருங்குளத்திலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்தாள். அவள் பெயர் பிரீனா. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காக அவளை ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். முன்பு ஒரு தடவை ஓடிப் போனதற்காக அவள் கையில் சூடு போட்டிருந்தார்கள். ஏமி அம்மையார் அந்தச் சிறுமியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் வாழ்க்கையே மாறிவிட்டது. (பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பின்னாளில் சட்டசபையில் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் முழுத் தடைச் சட்டம் வந்தது.)

அதே ஆண்டில் அவர்கள் டோனாவூருக்குக் குடிபோனார்கள். நாங்குநேரிப் பக்கம், களக்காட்டுக்கு அருகில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. பெயரைப் பார்த்தால் தமிழ்ப் பெயர் மாதிரியே இருக்கிறது. உண்மையில் அங்கே கோவில் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயர் அது!

பிரீனாவுக்குப் பின் வேறு குழந்தைகள் வந்தார்கள். 1904-ம் ஆண்டு முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. பிறந்து சில நாட்களே ஆன பச்சை மண்கள். அங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது.

பால் இல்லாத தாய்மார்கள்

தாய்ப்பால் கிடையாது. மற்றவள் பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்க ஊர்ப் பெண்கள் முன்வரவில்லை. பசும்பால் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்தால் பேதி. நிறுத்தினால் பட்டினி. டோனாவூரில் அன்று ஆஸ்பத்திரி கிடையாது. நல்ல வைத்தியம் வேண்டுமானால் தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்குப் போக வேண்டும். மாட்டு வண்டியில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கையில் இருக்கும் குழந்தை அதுவரை தாங்க வேண்டுமே!

வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாக இருந்தது. மதப் பிரசாரம் செய்வது கௌரவமான வேலை. குழந்தையின் பீத்துணி துவைப்பது கௌரவமா? இது ஆயா வேலை அல்லவா? படித்த பெண்கள் தயங்கினார்கள். ஏமி அம்மையாரே சட்டியும் துணியுமாக உட்கார்ந்து குழந்தைகளின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பொன்னம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

அப்படிப் பாடுபட்டும் குழந்தைகள் இறந்தன. ஆரம்பத்தில் வந்தவற்றில் இந்திரநீலா என்று பெயர் வைக்கப்பட்ட பெண் குழந்தை ஒன்று. எல்லாருக்கும் செல்லம். 1905-ம் ஆண்டின் தொடக்கத்தில் அது இறந்துபோயிற்று. அம்மையாரின் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். எத்தனையோ ஆண்டு கழித்தும் அந்தக் குழந்தையை அவர் மறக்கவில்லை.

வைத்தியர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பிழைக்கும் என்று நினைத்து, நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே கைக்குழந்தைகளுக்கு ஒரு விடுதி வைத்தார்கள். பொறுப்பு பொன்னம்மாளுடையது. சில ஆண்டுகள் அவர் அங்கே ராத்தூக்கம் இல்லாமல் வேலை செய்தார். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அவர் கையில் பிழைத்த குழந்தைகள் பல.

அப்புறம் அங்கே வயிற்றுக்கடுப்பு நோய் பரவிற்று. பல பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு குழந்தை இறந்தாலே அந்தத் தாய் மாதக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. இங்கே ஒரு குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண், கை கால் கழுவிக்கொண்டு அடுத்த தொட்டில் பக்கம் உட்கார வேண்டும். அதுவும் பிழைக்குமோ பிழைக்காதோ தெரியாது. தெரியாமலே அதன்மேல் பாசம் வைக்க வேண்டும். பாசம் வைக்காமல் வேலையை மட்டும் செய்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பாசம் இல்லாத கையில் பச்சைக் குழந்தை பால் குடிக்காது என்பது பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் தெரியும்.

1908-ல் நெய்யூர் விடுதியை மூடிவிட்டு எல்லாரும் டோனாவூருக்கே திரும்பினார்கள்.

அக்காள், சித்தி, அண்ணாச்சி

டோனாவூரில் ஆயா என்ற பேச்சே கிடையாது. குழந்தைகளை வளர்த்த தமிழ்ப் பெண்களை அக்காள் என்று அழைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் சித்திகள். ஆண்கள் அண்ணாச்சிகள்! நம் ஊர் முறையை அப்படியே எடுத்து வைத்துவிட்டார் அம்மையார். யாருக்கும் சம்பளம் கிடையாது. சாப்பாடு, துணிமணி, இருக்க இடம் எல்லாருக்கும் பொது.

இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காள் என்று ஆகிவிட்டால் அழ உரிமை வந்துவிடுகிறது. தங்கச்சி செத்தால் அக்காள் அழுவாள், அதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

குழந்தைகள் பிறந்த நாள் பலருக்குத் தெரியாது. ஆகையால் அங்கே வந்து சேர்ந்த நாளையே பண்டிகையாகக் கொண்டாடினார்கள். பூ வைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். ஒரு குழந்தை இறந்தாலும் பூவும் பாட்டும் உண்டு. அடக்கம் செய்யும் இடத்தைச் சுடுகாடு, இடுகாடு என்று சொல்லாமல் கடவுளின் தோட்டம் என்றார்கள். அது தூரத்தில், ஊருக்கு வெளியே, பயப்படும் இடத்தில் இல்லை. விடுதியைச் சேர்ந்த மரநிழலிலேயே இருந்தது. வளர்த்த பெண் நினைத்தபோது அங்கே போய்வரலாம்.

1912-ம் ஆண்டு லுல்லா என்ற ஐந்து வயதுக் குழந்தைக்கு உடம்பு மோசமாயிற்று. மூச்சு விட முடியாமல் தவித்தது. பார்க்கப் பொறுக்காமல் அம்மையார் பக்கத்து அறைக்குப் போய்ப் பிரார்த்தனை செய்தார். திரும்பி வந்தபோது, குழந்தையின் முகத்தில் வேதனை இல்லை. யாரையோ கண்டு மகிழ்ந்ததுபோல் சிரித்தது. கையைத் தட்டிற்று. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கையை நீட்டி விடைபெற்றது. பிறகு உயிர் பிரிந்தது. அம்மையார் எழுதி வைத்திருக்கும் விவரம் இது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு மரணத்தைப் பற்றி இருந்த பயம் அன்று மிகவும் குறைந்ததாம்.

எல்லாக் குழந்தையும் லுல்லாவைப் போல் சிரித்துக்கொண்டு சாவதில்லை. அதையும் சொல்ல வேண்டும். மரண வீட்டில் பாட்டும் பூவும் என்பது நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நெஞ்சு வெடிக்க ஓலமிட்டு அழ நினைத்த ஒரு பெண்ணுக்கு, எல்லாரும் வெள்ளைப் பூவோடு பாடிக்கொண்டு நிற்கும்போது எப்படி இருந்திருக்கும்? நம் பக்கத்து ஒப்பாரிக்கும் ஒரு வேலை இருக்கிறது அல்லவா? அம்மையாரின் விடுதியில் கட்டுப்பாடு அதிகம். அந்தக் கட்டுப்பாடு சிலருக்குப் பாரமாக இருந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

அம்மையார் மட்டும் துக்கம் இல்லாத கல்லா? இல்லை. அதே 1912-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, வாக்கர் ஐயர் மசூலிப்பட்டினத்துக்குப் போன இடத்தில் காலமானார். வாக்கரின் மனைவியோ அப்போது இங்கிலாந்தில் இருந்தார். சுமார் 130 பெண் குழந்தைகள் உள்ள விடுதி அம்மையார் ஒருவர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1913-ல், அயர்லாந்தில் பிறந்த அவருடைய தாயார் இறந்த செய்தி வந்தது. அதே ஆண்டுதான் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

பொன்னம்மாள்

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பொன்னம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது. அம்மையார் கூட இருந்து கவனித்தார். ஆனால் நோய் திரும்ப வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து ஏது? இரண்டு ஆண்டுகள் அவர் வலியில் கிடந்தார்.

எத்தனையோ குழந்தைகளின் கடைசி மூச்சுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பொன்னம்மாள். இப்போது அவர் படுக்கைப் பக்கத்தில் அவர் வளர்த்த பெண்கள் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையாக அவர் மடியில் கிடந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து பூப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1915-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பொன்னம்மாள் கண்ணை மூடினார்.

ஒரு விடுதியில் வேலை செய்த தமிழ் விதவை. உலகத்தில் அவர் பெயர் யாருக்குத் தெரியும்? மூன்று ஆண்டுகளில், 1918-ல், அவருடைய வாழ்க்கையை ஒரு தனிப் புத்தகமாக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார் அம்மையார். குழந்தைகளுக்குப் பால் கலந்து கொடுத்த பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு! அன்றைய நாளில் அது சாதாரண விஷயம் அல்ல.

இதை அவர் ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டார். 1916-ல் வாக்கர் ஐயரின் வாழ்க்கையை எழுதினார். 1922-ல் ராக்லண்டு என்ற பாதிரியாரின் வாழ்க்கையை எழுதினார். இந்த ராக்லண்டு நம் சிவகாசியோடு சம்பந்தப்பட்டவர். வடதிருநெல்வேலி ஊர்களில் கூடாரம் அடித்துத் தங்கிச் சுற்றியவர். 1858-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி சிவகாசியிலேயே இறந்தார். அப்போது இங்கே பட்டாசும் கிடையாது, தீப்பெட்டி ஆபீசும் கிடையாது. சிவகாசி அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல்தான் அது இராமநாதபுரம் ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. அம்மையார் ராக்லண்டை நேரில் கண்டவர் அல்ல. அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்துப் பிறந்தவர். ஆனாலும் சொந்தமாக யாரும் இல்லாத ஊரில் இறந்த ஒருவருக்காக உட்கார்ந்து எழுதினார்.

கோகிலா என்று ஒரு நர்சு. டோனாவூர்ப் பிள்ளை. மலைப்பாறை ஓரத்தில் பூப் பறிக்கப் போன இடத்தில் கால் தவறி விழுந்து இறந்துபோனார். அவருடைய கதையும் 1939-ல் புத்தகமாக வந்தது.

அம்மையார் யார் வீட்டுக்கும் போய்த் துட்டி கேட்கவில்லை. பேனாவை எடுத்து எழுதினார்.

படுக்கையில் இருபது ஆண்டுகள்

1919-ல் அரசாங்கம் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் சென்னைக்குப் போகவில்லை. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் விடுதியில் சேர்த்தார். 1929-ல் டோனாவூரிலேயே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. பரம சுகசாலை என்று அதற்குப் பெயர். மாட்டு வண்டியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெய்யூருக்கு ஓடிய காலம் போயிற்று.

1931-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி சாயங்காலம். களக்காட்டில் வைத்தியசாலைக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார் அம்மையார். கழிப்பிடத்துக்காக வெட்டியிருந்த குழி இருட்டில் தெரியவில்லை. விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் பழையபடி நடமாடவே இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓர் அறைக்குள்ளேயே காலம் கழிந்தது. படுத்துக்கொண்டே புத்தகம் புத்தகமாக எழுதினார்.

இத்தனை ஆண்டு பிறரைக் கவனித்தவரை இப்போது பிறர் கவனிக்க வேண்டியிருந்தது. அது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அவர் பட்ட பெரிய துக்கம் ஒன்றும் அந்த அறையில்தான் வந்தது. அருளாய் தாரா என்று ஒரு பெண். சிறு வயதிலேயே அம்மையாரிடம் வந்து சேர்ந்தவர். தமக்குப் பின் விடுதியை இவள் பார்த்துக்கொள்வாள் என்று அம்மையார் நம்பியிருந்தார். 1939-ம் ஆண்டு மே 24-ந் தேதி அருளாய் இறந்தார். எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்த அம்மையாரால், தம் மகளைப் போன்ற அருளாய்க்கு அதைச் செய்ய முடியவில்லை. எழுந்து நடக்கக் கால் இல்லை.

1948-ல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி காலை தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 83. கையில் தூக்கி வளர்த்த பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். உடலைப் பூவால் மூடினார்கள். அவர் கற்றுக் கொடுத்த பாட்டுகளையே பாடினார்கள்.

தமக்குக் கல்லறைக் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லை மீறவில்லை. ஆனால் சும்மா விடவும் மனம் வரவில்லை. கடவுளின் தோட்டத்தில், அவரைப் புதைத்த இடத்தின் மேல், பறவைகள் தண்ணீர் குடிப்பதற்காக ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைச் செதுக்கினார்கள். பிறந்த தேதி இல்லை, இறந்த தேதி இல்லை, ஊர் இல்லை, பட்டமும் இல்லை. அந்தத் தொட்டி இருக்கும் மரநிழலில்தான், அவருக்கு முன்னால் போன குழந்தைகளும் அவர்களை வளர்த்த அக்காள்மாரும் கிடக்கிறார்கள்.